கார்டனர் குவாட்டர்ஸ்

கண்டியிலிருந்து ஹந்தானைக்கு ஏறும் பாதையில், பஸ் முதல் கியருக்கு மாறும் வளைவை ஒட்டி ஓர் அரசாங்கப் பயிற்சி நிலையம் இருக்கிறது. பதினோரு ஏக்கர் நிலம். முன்பக்கம் வகுப்புக் கட்டடங்கள், புல்வெளி, பூம்பாத்திகள்; பின்பக்கம் சரிவு. சரிவு முடிகிற இடத்தில், பின் கேற்றுக்குப் பக்கத்தில், இரண்டு அறையும் ஒரு குசினியும் கொண்ட ஓட்டு வீடு. அதன் கதவுக்கு மேலே, வெள்ளைச் சுண்ணாம்பின் மீது, கறுப்பு மையால் 'கார்டனர்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறது.

அந்த வீட்டின் சாவி கஜேந்திரனிடம் இருந்தது. அங்கே குடியிருந்த பழைய கார்டனர் ஓய்வுபெற்றுப் போனதிலிருந்து வீடு காலி. மண்வெட்டி, மண் கிளறும் முள்ளு, புல் வெட்டும் மெஷின், உரப்பை எல்லாவற்றையும் முன்னறையில் போட்டு வைத்திருந்தார்கள். தினமும் காலை ஏழரைக்குக் கஜேந்திரன் வந்து பூட்டைத் திறப்பான். வேலை ஆயுதங்களை வெளியே எடுப்பான். பிறகு உள்ளறை ஜன்னல்களையும் திறந்துவிடுவான். உள்ளறையில் ஒன்றுமே இல்லை. அதன் ஜன்னலைத் திறக்கச் சொல்லி யாரும் சொல்லவுமில்லை. பூட்டியே கிடந்தால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும் என்று அவனாகவே செய்தான். நாலு மணிக்கு எல்லாவற்றையும் மூடிவிட்டு மலையேறி வீட்டுக்குப் போவான்.

அவனுடைய வீடு தேயிலைத் தோட்டத்தின் மேல் பிரிவில் ஒரு லயம், தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடு. குடும்பத்துக்கு ஒன்றாக ஆறு காம்பரா. நவம்பர் கடைசியில் பெய்த மழையில் லயத்துக்குப் பின்னாலிருந்த மண்மேடு இரண்டு இடத்தில் பிளந்தது. ஓரத்துக் காம்பரா இரண்டின் பின்சுவரும் உள்ளே விழுந்தன. அந்நேரம் எல்லாரும் வெளியே நின்றதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, இங்கே குடியிருக்கக் கூடாது என்று சிவப்பு எழுத்தில் ஒரு தாளை ஒட்டிவிட்டுப் போனார்கள். எல்லாரும் மூன்று கிழமை பாடசாலையில் படுத்தார்கள். பாடசாலை தொடங்கியதும் சொந்தக்காரர் வீடு இருந்தவர்கள் அங்கே போனார்கள். இல்லாதவர்கள் திரும்பி லயத்துக்கே வந்தார்கள். கஜேந்திரன், தோட்டத்தில் கொழுந்தெடுக்கும் அவன் மனைவி பிரேமிளா, பதினாறு வயது மகள் சஞ்சீவனி மூவரும் அப்படித் திரும்பி வந்தவர்கள். அவர்களுடைய காம்பராவின் பின்சுவரில், மேலிருந்து கீழ் வரைக்கும், விரல் நுழையும் அளவுக்கு ஒரு வெடிப்பு. வேறு இடத்தில் நிலம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். எந்த இடம், எந்த மாதம் என்று யாருக்கும் தெரியாது.

பயிற்சி நிலையத்தில் கஜேந்திரனுக்குப் பதினோரு வருட வேலை. ஆனால் நிரந்தரமில்லாத அமைய ஊழியர்தான். ஒப்பீஸ் புத்தகத்தில் அவன் பெயருக்கு நேரே 'லேபரர்' என்று இருந்தது. கொழும்பிலிருந்து பெரிய ஆட்கள் வந்து ரோசாப் பாத்தியின் முன்னால் நின்று படம் பிடித்தால், பணிப்பாளர் அவனைக் காட்டி, "இவர்தான் எங்கள் கார்டனர்" என்பார். அவர்கள் போனதும் அவன் மறுபடி லேபரர். சிங்கள ஊழியர்கள் 'வத்தே மினிஹா' என்றார்கள். அந்தச் சொல் வீட்டுத்தோட்டத்து ஆளுக்கும் பொருந்தும், தேயிலைத் தோட்டத்து ஆளுக்கும் பொருந்தும். அவர்கள் எதை நினைத்துச் சொன்னார்கள் என்று அவன் கேட்டதில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அனிவத்தைப் பக்கம் மூன்று வீடுகளுக்குப் புல் வெட்டப் போவான். அந்த வீட்டுக்காரர்கள் எல்லாருக்கும் அவன் கார்டனர். அங்கே அந்தச் சொல்லுக்குள் கூரைப் பீலியில் அடைத்த இலையை அள்ளுவது, தண்ணீர்த் தாங்கிக்குள் இறங்கித் தேய்ப்பது, நாயைக் குளிப்பாட்டுவது, குளவிக்கூட்டுக்கு நெருப்பு வைப்பது எல்லாம் அடக்கம். ஒரு வீட்டில் பதினாலு வருடம் வளர்த்த நாய் செத்தபோது குழி வெட்டியதும் அவன்தான். அந்த வீட்டு அம்மா அழுதுகொண்டே, குழியைச் சுற்றி நல்லதாக நாலு செடி வைக்கச் சொன்னார்.

இதைக் கேட்டு மேற்பார்வையாளர் றவூப் சிரித்தார். கட்டுகஸ்தோட்டைக்காரர். நிலையத்தின் வெளிவேலை முழுவதும் அவர் பொறுப்பு. கஜேந்திரன் அவரை அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுவான்.

"கார்டனர் எண்டா என்னெண்டு நெனச்சீங்க? வீட்டுக் கதவுக்கு வெளிய இரிக்கிற அத்தன வேலைக்கும் ஒரு பேரு. நாயி உள்ளுக்குச் செத்திருந்தா அது டொக்டர்ட வேல. வெளிய செத்துட்டா கார்டனர்ட வேல."

"அப்ப நம்ம ஒப்பீஸ்ல மட்டும் ஏன், நானா, லேபரர்னு போட்டு வச்சிருக்காங்க?"

"அங்கதான் அந்தப் பேருக்கு ஒரு வீடு இரிக்கே. சும்மா தூக்கித் தருவாங்களா?"

அதுதான் விஷயம். அந்த நிலையத்தில் கார்டனர் என்பது ஒரே ஒரு நிரந்தரப் பதவி. குவாட்டர்ஸ் பதவிக்கு உரியது. பதவியில் யார் இருக்கிறாரோ அவர் குடியிருக்கலாம். நாலு வருடமாக ஆட்சேர்ப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள். ஜனவரியில் அந்தப் பதவியை நிரப்ப அனுமதி வந்தது. நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்க வேண்டும், தொழிற் பரீட்சையில் தேற வேண்டும். கஜேந்திரனுக்கு ஏப்ரல் பத்தொன்பதாம் தேதி நாற்பத்தைந்து முடிகிறது. பரீட்சை மார்ச் பதினாறு.

அறிவித்தலோடு கார்டனரின் கடமைகள் என்று பன்னிரண்டு வரி சிங்களத்தில் வந்திருந்தது. சஞ்சீவனி அதைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தாள். மாலையில் அடுப்படியில் உட்கார்ந்து கஜேந்திரன் மனனம் செய்தான். பாதிவழியில் அவள் பாடசாலை அகராதியை எடுத்துப் புரட்டினாள்.

"அப்பா, இதுல கார்டனர்னா தோட்டக்காரன்னு போட்டிருக்கு. அப்ப நம்ம லயத்துல எல்லாருமே கார்டனர்தான்."

"ஆமா, ஒங்கம்மா ஹெட் கார்டனர்," என்றான் கஜேந்திரன்.

"ஹெட் கார்டனருக்கு ரெண்டு ரூமு வீடு தருவாங்களா? கேட்டுச் சொல்லுங்க," என்றாள் பிரேமிளா, மாவைப் பிசைந்துகொண்டே. அவள் ஏற்கெனவே ஒரு நாள் கொழுந்து இல்லாத மத்தியானத்தில் இறங்கி வந்து அந்த வீட்டைப் பார்த்திருந்தாள். உள்ளறையில் கட்டில் எந்தப் பக்கம், மகளின் மேசை எந்த ஜன்னலடியில் என்று காலடியால் அளந்துவிட்டுப் போயிருந்தாள். சுவரைத் தட்டிப் பார்த்தாள். "கல்லுச் சொவரு," என்றாள்.

கஜேந்திரன் கவ்வாத்துக்காரர் மகன். தேயிலைச் செடியை நாலைந்து வருடத்துக்கு ஒருமுறை முழங்கால் உயரத்துக்கு வெட்டி இறக்குவதுதான் கவ்வாத்து. வளைந்த கத்தியால் ஒரே வீச்சு. வெட்டுவாய் சரிந்து, தண்ணீர் தேங்காமல், வழவழப்பாக இருக்க வேண்டும். தண்டில் ஒட்டிய பாசியைச் சுரண்ட வேண்டும். எல்லாக் கொப்பையும் வெட்டக் கூடாது. ஓரத்தில் ஒன்றிரண்டை இலையோடு அப்படியே விட வேண்டும். செடி அந்த இலையால்தான் மூச்சு விடும். மற்றக் கொப்புகளில் துளிர் வந்த பிறகு, ஆறு எட்டுக் கிழமை கழித்து வந்து, மூச்சுக்கு விட்டதை வெட்டுவார்கள். அதுவரை வெயில் தண்டைச் சுடாமல் இருக்க, வெட்டிய குப்பையையே செடியின் மேல் பரப்பி மூடிவிடுவார்கள்.

கஜேந்திரனின் தகப்பன் வீரசிங்கம் இந்த வேலையில் பெயர் எடுத்தவர். ஒரு மாசி மாதம், தோட்டத்தை நடத்தப் புதிதாக வந்த துரை ஒருவர் அவசரத்தில் முழுவதையும் மழித்து வெட்டச் சொன்னார். வீரசிங்கத்தின் ஆட்கள் சொன்னபடி வெட்டினார்கள். அந்த வருடம் மழை பிந்தியது. அந்த மலையில் பாதிச் செடி துளிர்க்கவே இல்லை. பிழை கவ்வாத்துக்காரர் தலையில் விழுந்தது. வீரசிங்கத்தைக் கவ்வாத்திலிருந்து எடுத்துப் புல்வெட்டுக்குப் போட்டார்கள். அதற்குப் பிறகு ஒன்பது வருடம், சாகும் வரைக்கும், அவர் அந்த மலைப் பாதையால் நடக்காமல் சுற்றி வளைத்தே வேலைக்குப் போனார். கஜேந்திரனும் பதினெட்டு வயதிலிருந்து ஒன்பது வருடம் கவ்வாத்து வெட்டினான். தோட்டத்தில் வேலைநாள் குறைந்த பிறகுதான் கண்டிக்கு இறங்கினான்.

பரீட்சைக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் கம்பளைக்காரர். மற்றவன் சந்திரகுமார், தெல்தெனியப் பக்கம், இருபத்தொன்பது வயது, ஏதோ ஒரு ஹோட்டலில் புல்தரை பார்த்தவன். கஜேந்திரனைக் கண்டதும் அவனாகவே வந்து, "அண்ணே, நீங்க இங்கயேதானே வேல? அப்ப எங்கள எதுக்குக் கூப்பிட்டாங்க, டீ குடிக்கவா?" என்று சிரித்தான்.

காலையில் வாய்மொழிப் பரீட்சை. கஜேந்திரன் பன்னிரண்டு கடமையையும் நிறுத்தாமல் சொன்னான். பிறகு மேசையில் வைத்த இருபது இலைகளின் பெயரைச் சொல்ல வேண்டும். பதினெட்டைச் சொன்னான். பரீட்சகர் பேராதனைப் பக்கத்திலிருந்து வந்த, கண்ணாடி போட்ட, பொறுமையான மனிதர். தாளில் எழுதும்போது தலையை ஆட்டிக்கொண்டார். றவூப் தூரத்தில் நின்று கட்டை விரலைக் காட்டினார்.

பத்து மணிக்குச் செய்முறை. விடுதிச் சுவரோரம் ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து கிடந்த செவ்வரத்தை, அதாவது செம்பருத்தி, வரிசையில் ஆளுக்கு இரண்டு செடி. கத்தரித்து ஒழுங்குபடுத்த வேண்டும், பன்னிரண்டு மணிக்கு முடிக்க வேண்டும். பதினைந்து நாளாக மழை இல்லை. சுவரில் பட்ட வெயில் முகத்தில் அடித்தது.

கஜேந்திரன் வீட்டிலிருந்து கொண்டுவந்த கத்தியைத் தீட்டினான். முதலில் செடியைச் சுற்றி இரண்டு தடவை நடந்தான். நோய்க்கொப்பை எடுத்தான். பிறகு ஒரே உயரத்தில், ஒரே சரிவில் வெட்டிக்கொண்டே போனான். தண்டிலிருந்த பாசியைச் சாக்குத் துண்டால் தேய்த்தான். இரண்டு செடியிலும், சுவரோரமாக, நல்ல இலையுள்ள கொப்பு ஒவ்வொன்றை விட்டான். வெட்டிய தடியில் பெரியதை ஒதுக்கிவிட்டு, இலைக் குப்பையை அள்ளித் தண்டின் மேல் பரப்பினான். பதினொன்றரைக்குக் கத்தியைத் துடைத்து வைத்தான்.

அடுத்த செடிகளில் சந்திரகுமார் பெரிய கத்தரிக்கோலால் எல்லாவற்றையும் உருண்டையாக வெட்டி, அடியைக் கூட்டி, குப்பையைத் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வந்தான்.

பரீட்சகர் கஜேந்திரனின் செடியின் முன்னால் வந்து நின்றார். மொட்டையாக நிற்கும் தண்டு, அதன் மேல் குப்பை, ஓரத்தில் ஓங்கி நிற்கும் ஒற்றைக் கொப்பு. சிறிது நேரம் பார்த்தார்.

"இவரத?" என்று கேட்டார். முடிந்ததா என்று.

கஜேந்திரன் யோசித்துத்தான் பதில் சொன்னான். "தெனட்ட இவரய், சேர்." இப்போதைக்கு முடிந்தது.

"இப்போதைக்கு என்றால்? மிச்சத்தை எப்போது வெட்டுவாய்?" என்று அவர் சிங்களத்தில் கேட்டார்.

துளிர் வந்த பிறகு, ஆறு எட்டுக் கிழமையில், என்றான் கஜேந்திரன்.

"பரீட்சை பன்னிரண்டு மணிக்கு முடிகிறது." அவர் அதைக் கேலியாகச் சொல்லவில்லை. மணிக்கூட்டைப் பார்த்தார். "இன்னும் இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது," என்று சொல்லிவிட்டுக் கம்பளைக்காரரின் செடிக்குப் போனார்.

றவூப் மெல்லக் கிட்ட வந்தார்.

"கஜே, அந்த ரெண்டு கொப்பையும் போட்டுடுங்க. குப்பையக் கூட்டுங்க. அவர் அதத்தான் சொல்றாரு."

"மழ இல்லையே நானா."

"அட இது தேயிலையா? செவ்வரத்தை! ரோட்டுல மாடு திண்டுட்டுப் போனாலும் மொளைக்கும்."

"தெரியும் நானா."

"தெரிஞ்சா வெட்டுங்க!"

றவூப் சொன்னது சரி. செவ்வரத்தைக்கு மூச்சுக் கொப்பு தேவையில்லை. கஜேந்திரனே எத்தனையோ வீட்டில் அதை மழித்து வெட்டியிருக்கிறான். ஆனால் அவை ஞாயிற்றுக்கிழமை வேலைகள். இது பரீட்சை. பரீட்சை என்றால் அவனுக்குத் தெரிந்தது ஒன்றுதான். தோட்டத்தில் புது ஆளைக் கவ்வாத்துக்கு எடுக்கும்போது, வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை பக்கத்தில் வந்து நின்று, "முடிஞ்சிச்சா? ஏன் அந்தக் கொப்பு நிக்கிது?" என்று அதட்டுவார். பயந்துபோய் அதை வெட்டுகிறவனை அன்றைக்கே புல்வெட்டுக்கு அனுப்பிவிடுவார். வெட்டாமல் நின்றவன்தான் கவ்வாத்துக்காரன். பரீட்சகரின் முகத்தைப் பார்த்தபோது கஜேந்திரனுக்கு அந்தக் கேள்விதான் கேட்டது. இருபத்தைந்து நிமிடம் இருக்கிறது என்று சொன்னதும் அதே அதட்டல்தான் என்று நினைத்தான்.

ஒரு தடவை கத்தியைக் கையில் எடுத்தான். கொப்பை வளைத்துப் பிடித்தான். விட்டுவிட்டான். பன்னிரண்டு மணி வரை செடியின் பக்கத்தில் நேராக நின்றான்.

மாலையில் பிரேமிளா கேட்டாள். "என்ன ஆச்சுங்க?"

"நல்லாத்தான் செஞ்சேன்."

"நல்லான்னா, எப்பிடி நல்லா?"

"அப்பா பாத்திருந்தா ஒரு கொறையும் சொல்லாம போயிருப்பாரு. அப்பிடி."

சித்திரைப் புத்தாண்டு கழிந்து கடிதம் வந்தது. சந்திரகுமார் தெரிவானான். றவூப் புள்ளித்தாளைப் பார்த்துவிட்டு வந்து சொன்னார். வாய்மொழியில் கஜேந்திரன்தான் முதல். செய்முறையில் உருவத்துக்குப் பாதிப் புள்ளி. வேலை நிறைவு செய்யப்படவில்லை, கழிவு அகற்றப்படவில்லை என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிக்கும் பூச்சியம்.

"நான் சென்னேனா இல்லையா?" என்று றவூப் கோபத்தோடு கேட்டார்.

மூன்று நாள் கழித்து அவனுக்கு நாற்பத்தைந்து முடிந்தது. அமைய வேலைக்கு வயதெல்லை இல்லை. தேவைப்படும் வரைக்கும் வரலாம் என்றார்கள். புது கார்டனருக்குக் கீழே லேபரராக வந்தான்.

சந்திரகுமார் நல்ல பையன். முதல் நாளே வந்து, "அண்ணே, எனக்குப் புல்லுதான் தெரியும், ரோசா தெரியாது. சொல்லித் தராட்டி ரெண்டு பேரும் மாட்டுவோம்," என்றான். அவனுக்குத் தெல்தெனியவில் அம்மாவும் சொந்த வீடும் இருந்தன. மோட்டார் சைக்கிளில் வந்து போனான். குவாட்டர்ஸ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தான். ஆகவே வீடு முன்போலப் பூட்டிக் கிடந்தது. கஜேந்திரன் முன்போலக் காலையில் ஜன்னலைத் திறந்தான்.

ஒரு நாள் ஆயுதம் எடுக்கும்போது சந்திரகுமார் கேட்டான். "யாரும் இல்லாத ரூமுக்கு எதுக்கண்ணே காத்து?"

கஜேந்திரன் லயத்தைப் பற்றிச் சொன்னான். அவன் சொன்ன விதம் எவ்வளவு சாதாரணமாக இருந்தது என்றால், சந்திரகுமார் நம்பாமல் அன்றைக்கே மோட்டார் சைக்கிளில் மேலே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

மறுநாள் நேரே ஒப்பீசுக்குப் போய், தனக்கு வேண்டாத வீட்டைக் கஜேந்திரனுக்குக் கொடுக்க முடியுமா என்று கேட்டான். முடியாது. அது கார்டனருக்கு உரியது. கார்டனர் வேண்டாம் என்றால் பூட்டி வைப்போம், லேபரருக்குக் கொடுக்க வழி இல்லை என்றார் நிர்வாக உத்தியோகத்தர்.

"அப்ப நான் வேணும்னு எழுதிக் குடுக்கிறேன்," என்று சந்திரகுமார் வெளியே வந்து கஜேந்திரனிடம் சொன்னான். "பேரு எனக்கு. படுக்கிறது நீங்க."

"ஒன்னோட வேல புது வேல தம்பி. ஒரு வருஷம் பாப்பாங்க."

"யாரு வந்து பாக்கப் போறா? அந்தப் பக்கம் பாம்புதான் வரும்."

கஜேந்திரன் இரண்டு நாள் மறுத்தான். மூன்றாம் நாள் பின்னேரம் பெரிய மழை. மண்மேட்டிலிருந்து ஒரு பாறைத் துண்டு உருண்டு வந்து குசினித் தகரத்தில் முட்டி நின்றது. அதற்கு மேல் மறுக்கவில்லை. சந்திரகுமார் படிவத்தில் கையெழுத்து வைத்தான். தானும் தன் குடும்பத்தாரும் தவிர வேறு எவரும் தங்கமாட்டார்கள் என்று அதில் ஒரு வரி இருந்தது.

மே மாதத்தில் ஒன்பது நாள் அவர்கள் அந்த வீட்டில் இருந்தார்கள். இரண்டு பை, ஒரு பாய்க்கட்டு, அடுப்பு, சஞ்சீவனியின் புத்தகங்கள். பிரேமிளா விடிய முன்பே எழும்பி மலையேறி வேலைக்குப் போனாள். பாதை முன்னைவிட ஒரு மணித்தியாலம் கூட. அதைப் பற்றி அவள் குறைப்படவில்லை. மழை பெய்யும்போது சஞ்சீவனி புத்தகத்திலிருந்து தலையை நிமிர்த்தவில்லை என்பதைக் கஜேந்திரன் கவனித்தான். ஆறு மாதத்தில் அப்படி அவன் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் ஞாயிறு. கஜேந்திரன் அனிவத்தைக்குப் போயிருந்தான். பின் கேற்றுப் பக்கம் தண்ணீர்க் குழாய் வெடித்துவிட்டது என்று காவலாளி சொல்ல, நிர்வாக உத்தியோகத்தர் குழாய் வேலைக்காரனோடு இறங்கி வந்தார். கொடியில் பாடசாலைச் சட்டை காய்ந்தது. பிரேமிளா தண்ணீர்ப் பீலியடியில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க யாரு?" என்று தமிழில் கேட்டார்.

"கார்டனரோட வைஃப் சேர்," என்றாள் பிரேமிளா. பயத்தில் வாயில் வந்த சொல் அதுதான். பதினோரு வருடமாகக் கண்டியில் யார் கேட்டாலும் அவள் அப்படித்தான் சொல்லி வந்தாள்.

"கார்டனருக்குக் கல்யாணம் ஆகல்லையே," என்றார் அவர்.

திங்கட்கிழமை சந்திரகுமாருக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது. பொய்ப் பிரகடனம் என்று தலைப்பு. தகுதிகாண் காலத்தில் அப்படி ஒரு கடிதம் ஃபைலுக்குள் போனால் வேலை போகும். அவன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க முயன்றான்.

"அப்பவே சொன்னேனே, பாம்புதான் வரும்னு," என்றான்.

கஜேந்திரன் கையைக் கழுவிக்கொண்டு ஒப்பீசுக்குப் போனான். றவூப் பின்னாலேயே போனார். மேசைக்கு முன்னால் நின்று கஜேந்திரன் சொன்னான்:

"சேர், அந்தப் பையனுக்கு ஒண்ணும் தெரியாது. சாவி எங்கிட்டத்தான் இருந்திச்சு. அவரு இல்லாத நேரமா நான்தான் குடும்பத்தோட பூந்துட்டேன்."

உத்தியோகத்தர் அவனை நிமிர்ந்து பார்த்தார். பிறகு றவூபைப் பார்த்தார். "அப்படியா மிஸ்டர் றவூப்?"

றவூப் வாசலிலேயே நின்றார். "ஓம் சேர்," என்றார். "அப்படித்தான்."

அது பொய் என்று மூவருக்கும் தெரியும். ஆனால் அந்தப் பொய்யால் ஃபைல் சுலபமாக மூடும். புதிய ஆளை எடுக்க மறுபடி அனுமதி கேட்டு, மறுபடி பரீட்சை வைக்கத் தேவையில்லை. உத்தியோகத்தர் கஜேந்திரனிடம் எழுத்தில் வாங்கிக்கொண்டார். அன்றோடு அவனுடைய அமைய வேலை முடிந்தது. சாவியை மேசையில் வைக்கச் சொன்னார். வைத்தான்.

சாமான் ஏற்ற சந்திரகுமார் மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்தான். இரண்டு தடவையில் எல்லாம் மேலே போய்விட்டது. கடைசியில் பிரேமிளா வீட்டைக் கூட்டினாள். கூட்டிய குப்பையை அள்ளிக் கையோடு கொண்டுபோய் வெளியே கொட்டினாள். சந்திரகுமார் அவள் முகத்தைப் பார்க்காமல், "அக்கா, நான் வேணும்னு செய்யலக்கா," என்றான்.

"தெரியும் தம்பி. நீ நல்லா இரு."

ஜூனில் மழை பிடித்தது. ஓ.எல். பரீட்சை எழுத ஆறு மாதமே இருக்கும்போது சஞ்சீவனியைப் புசல்லாவையில் பிரேமிளாவின் தங்கை நிரஞ்சனி வீட்டுக்கு அனுப்பினார்கள். அங்கேயும் லயம்தான். பின்னால் மேடு இல்லை. பாடசாலை மாற்றப் படிவத்தில் தகப்பன் தொழில் என்ற இடத்தில் அவள் எதுவும் எழுதாமல் கொடுத்தாள். பாடசாலை அதிபர் அவளிடம் கேட்டுத் தானே எழுதினார்.

கஜேந்திரன் இப்போது கிழமையில் ஆறு நாளும் கண்டி வீடுகளில் வேலை செய்கிறான். அனிவத்தை, அஸ்கிரிய, ஏரிக்கு மேலே உள்ள ஹோட்டல்கள். போனில் அவன் இலக்கத்தை எல்லாரும் 'கார்டனர்' என்றே பதிந்து வைத்திருக்கிறார்கள். பெயர் கேட்டவர்கள் இரண்டு பேர்தான். ஒரு வீட்டில் ஒரு பழைய செடிவேலியை அடியோடு வெட்டச் சொன்னார்கள். அவன் மழித்து வெட்டிக் குப்பையைக் கூட்டி அள்ளிவிட்டு, முடிந்தது என்றான்.

லயத்துக் காம்பராவில் இப்போது அவனும் பிரேமிளாவும் மட்டும். வெடிப்பைப் பார்க்க வந்த எஞ்சினியர் ஒருவர் ஒரு வழி சொல்லிவிட்டுப் போனார். வெடிப்புக்குக் குறுக்கே தாள் துண்டு ஒன்றைப் பசை போட்டு இறுக்கி ஒட்டி வையுங்கள். தாள் கிழிந்தால் சுவர் நகருகிறது என்று அர்த்தம். கிழிந்தால் நிற்காதீர்கள், உடனே வெளியேறுங்கள் என்றார். எங்கே என்று பிரேமிளா கேட்டாள். அது எங்கள் பகுதியின் வேலை இல்லை என்றார்.

சஞ்சீவனி விட்டுப்போன கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, கோதுமை மாப் பசையால் பிரேமிளா ஒட்டினாள். தேதியையும் எழுதினாள். ஜூலை நாலாம் தேதி காலையில், தேநீர் ஊற்றும்போது, அது நடுவால் கிழிந்து இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்பதைக் கண்டாள். கஜேந்திரனைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவன் விரலை வைத்து இடைவெளியைப் பார்த்தான்.

"மழ விட்டிருக்கு," என்றான்.

"விட்டிருக்கு."

அவள் மாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அடுப்பில் வைத்துக் கிளறினாள். பசை ஆறும் வரைக்கும் தேநீரைக் குடித்தார்கள். பிறகு அவள் புதுத் தாளைக் கிழித்து, பழைய தாளுக்குக் கீழே ஒட்டி, அன்றைய தேதியை எழுதிவிட்டு, படங்குச் சாக்கை இடுப்பில் சுற்றிக்கொண்டு கொழுந்துக்குப் போனாள்.